அப்பா கடைசியாகச் சொன்னது

அப்பா மறைந்த அன்று ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்த உறவினர்களும் நண்பர்களும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி ஒன்றுதான். "கடைசியா என்ன சொன்னாரு?" தப்பான கேள்வி இல்லை. துக்க வீட்டில் எல்லோரும் கேட்பதுதான். நானே பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று எங்களிடம் பதில் இல்லை. அம்மா தலையை மட்டும் ஆட்டினார். தம்பி எழுந்து வாசல் பக்கம் போய்விட்டான். முதலாமாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களுக்காவது அந்தப் பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மகளாகிய நான் இதை எழுத உட்கார்ந்தேன். பதில் என்னவோ சின்னதுதான். ஆனால் அப்பா என்ன வேலை பார்த்தார் என்பது தெரியாமல் அது யாருக்கும் விளங்காது.

அப்பா பிறந்தது பச்சைமலை அடிவாரத்தில், உப்பிலியபுரத்தில். கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் சோளம் என்று காலம் தள்ளிய குடும்பம். திருச்சியில் தங்கிப் படித்தார். தேர்வு எழுதித் துறைமுகத்தில் வேலை வாங்கினார். கடலை அவர் முதன்முதலாகப் பார்த்ததே வேலையில் சேரப் போன அன்றுதான். எந்தத் துறைமுகம் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. எங்கள் சொந்தபந்தத்தில் 'ஹார்பர்' என்றால் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

அம்மாவைப் பெண் பார்க்க மண்ணச்சநல்லூர் போனபோது, "மாப்பிள்ளை கப்பல்ல இருக்காரு" என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அம்மாவின் தாய்மாமா, கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்பே, "அடுத்த தடவை வரும்போது எனக்கு ஒரு ஃபாரின் வாட்ச் வாங்கிட்டு வாங்க மாப்ள" என்று கேட்டுவிட்டார். அப்பாவும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாராம். உண்மையில் அவர் பணிக்காலம் முழுவதும் ஒரு கப்பலில்கூடக் கால் வைத்ததில்லை. காவிரியில் பரிசல் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். மாமாவுக்கு வாட்ச் மட்டும் பர்மா பஜாரிலிருந்து வந்து சேர்ந்தது.

அவருடைய வேலை சிக்னல் ஸ்டேஷனில். துறைமுகத்தின் வாயில் கடலைப் பார்த்தபடி நிற்கும் உயரமான கட்டடம். அதன் உச்சியில் நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த ஓர் அறை. அங்கே உட்கார்ந்து வருகிற போகிற கப்பல்களோடு ரேடியோவில் பேசுவார்கள். எந்தக் கப்பல் எப்போது உள்ளே வரலாம், எது வெளியே நங்கூரம் போட்டு நிற்க வேண்டும், வழிகாட்டி உள்ளே கொண்டுவரும் பைலட் எப்போது வந்து ஏறுவார் என்பதையெல்லாம் கப்பல்காரர்களுக்குச் சொல்கிற குரல் அப்பாவுடையது. ஆங்கிலம்தான். ஆனால் உப்பிலியபுரத்து ஆங்கிலம். கிரேக்கக் கேப்டனுக்கும் பிலிப்பைன்ஸ் கேப்டனுக்கும் அது எப்படிப் புரிந்தது என்று தம்பி கடைசி வரை கிண்டல் செய்துகொண்டிருந்தான்.

அந்த வேலையில் அப்பா அதிகம் சொன்ன சொல் 'ஸ்டாண்ட் பை'. பொறுத்திரு என்று அர்த்தம். துறைமுகம் வெளியிலிருந்து பார்க்கப் பெரிய ராஜ்ஜியம் மாதிரி இருக்கும். உள்ளே எதுவும் யார் கையிலும் இல்லை. நிலக்கரி இறக்கிக்கொண்டிருக்கும் கப்பல் மழையால் நகராது. அது நகராததால் அடுத்தது உள்ளே வர முடியாது. கிரேன் ஒன்று மக்கர் பண்ணும். கப்பல் உள்ளே வரும் கால்வாயில் மணல் சேர்ந்து ஆழம் குறைந்திருக்கும். வெளியே கேட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், டிரைவர்கள் ஹாரனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். கடலுக்குள் நிற்கிற கப்பலுக்கோ ஒவ்வொரு நாளும் செலவு. கேப்டன் கத்துவார். முடிவு எடுப்பவர் வேறு யாரோ; திட்டு வாங்குகிற குரல் மட்டும் அப்பாவுடையது. "நான் என்ன கப்பலை இடுப்புல தூக்கிட்டா வர முடியும்?" என்று வீட்டில் வந்து அம்மாவிடம் சொல்வார். ரேடியோவில் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

ரேடியோவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு செய்தியைச் சொன்னால், கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாத வரை சொன்னதாகவே கணக்கில்லை. காற்றில் பாதி வார்த்தை போய்விட்டால் கப்பல் தரை தட்டிவிடும் என்பதால் வந்த பழக்கம். அதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டிலும் நட்டார். கடைக்கு அனுப்பும்போது, "புளி, வரமிளகாய், தீப்பெட்டி. சொல்லு" என்று ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பிடிப்பார். நாங்கள் திருப்பிச் சொன்னால்தான் விரல் இறங்கும். "சரி" என்பார். கல்யாண மேடையில் ஐயர் சொன்ன மந்திரத்தை ஓர் எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்ன ஒரே மாப்பிள்ளை இவர்தான் என்று மண்ணச்சநல்லூரில் இன்னமும் சொல்வார்கள். அம்மா மட்டும் இந்த விளையாட்டுக்கு வரவே மாட்டார். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நான் ஒண்ணும் கப்பல் இல்ல" என்று அடுப்படிக்குள் போய்விடுவார்.

புயல் வந்தால் அப்பாவுக்குச் சொந்தக்காரர்களிடையே திடீர் மவுசு. "கூண்டு ஏத்தியாச்சா?" என்று எல்லா ஊரிலிருந்தும் போன் வரும். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிற கொடிமரமும் இவர்கள் பொறுப்பில்தான் இருந்தது. பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பெரிய புயல் என்றால் உள்ளே நிற்கிற கப்பல்களையெல்லாம் வெளியே நடுக்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளே நின்றால் கப்பல் சுவரில் மோதி, சுவரும் போகும் கப்பலும் போகும். கடலுக்குள் போனால் தன் சாமர்த்தியத்தில் பிழைத்துக்கொள்ளும். மழை வந்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும்போது வீட்டை விட்டுத் துரத்துகிற ஒரே இடம் துறைமுகம்தான் என்று சித்தப்பா சிரிப்பார். அப்பாவும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார், அந்தப் புயல் வரும் வரைக்கும்.

நாங்கள் அப்போது குவார்ட்டர்ஸில் இருந்தோம். கப்பல்கள் வெளியே போன மறுநாள் காலையில் ஒரு கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. ஊழியர் ஒருவருக்கு நெஞ்சுவலி. கரைக்குக் கொண்டுபோக வேண்டும், படகு அனுப்புங்கள் என்று கேட்டார்கள். பைலட்டுகளைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் படகை ஓட்டிய அந்தோணி அங்கிள்தான் இதையெல்லாம் பிற்பாடு எங்களுக்குச் சொன்னார். அப்பா சொல்லவில்லை. "நான் போறேன்னு நின்னேம்மா. ஹார்பர் மாஸ்டர் விடல. அவரு சொன்னதுலயும் தப்பில்ல. அலை தடுப்புச் சுவரையே தாண்டிக் குதிக்குது, நான் போயிருந்தா என் வீட்லயும் ஒரு சாவு விழுந்திருக்கும்" என்றார். ஹெலிகாப்டர் பறக்க முடியாத காற்று. கப்பலும் திரும்பி உள்ளே வர முடியாது. துறைமுக ஆஸ்பத்திரி டாக்டரைக் கண்ணாடி அறைக்கே அழைத்து வந்து, அவர் சொல்லச் சொல்ல அப்பா ரேடியோவில் சொன்னார். இன்ன மாத்திரை இருந்தால் நாக்கின் அடியில் வையுங்கள், சாய்த்து உட்கார வையுங்கள், கால்களை மடக்கி வையுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இளம் அதிகாரியின் குரல் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது.

அதற்குப் பிறகு சொல்வதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் குரல் விடவில்லை. கொஞ்சம் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டது. படகு கிளம்பிவிட்டதா என்று கேட்டது. அப்பா ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார். "இன்னும் இல்லை. பொறுத்திருங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன்." மாற்று ஆள் வந்தும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். "புதுக் குரல் கேட்டா அந்தப் பையன் பயந்துடுவான்" என்றாராம். அந்தோணி அங்கிள் ஒரு டீயைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அது அப்படியே ஆடை கட்டிக் கிடந்திருக்கிறது. பொழுது சாய்கிற நேரத்தில் அந்தக் குரல், இனிமேல் படகு வேண்டாம் என்று சொன்னது. அப்பா அதையும் திருப்பிச் சொன்னார். வழக்கம் அதுதானே.

அன்று அப்பா வீட்டுக்கு வந்தவர் உள்ளே நுழையவில்லை. பின்பக்கமாகப் போய்க் குழாயடியில் நின்று, "தலைக்கு ஊத்திக்கணும்" என்றார். இழவுக்குப் போய் வந்தவர்கள் கேட்பது மாதிரி. அம்மா பதறிப்போய், "யாரு? நம்ம ஊர்லயா?" என்றார். "இல்ல. கப்பல்ல." "பேரு?" அப்பா நனைந்த சட்டையோடு அப்படியே நின்றார். "தெரியல. கேக்கவே இல்ல. காலையிலேர்ந்து பேஷன்ட் பேஷன்ட்டுன்னே பேசிட்டிருந்தோம்." கப்பல் அங்கே திரும்பவில்லை, அடுத்த துறைமுகத்துக்குப் போய்விட்டது. யாரை யார் எங்கே போய் விசாரிப்பது?

ஓய்வு பெற்ற பிறகு அப்பாவும் அம்மாவும் ஸ்ரீரங்கத்துக்கு வந்தார்கள். அம்மாவுக்குப் பெருமாள் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு அம்மா எங்கே சொன்னாலும் சரி. காலையில் காவிரிப் பாலம் வரை நடப்பார். வெயில் காலத்தில் வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றைப் பார்த்து, "இதுதான் நல்ல ஹார்பர். யாரையும் வெயிட் பண்ணச் சொல்ல வேண்டாம்" என்பார். ஆடி அமாவாசைக்கு, காவிரிக் கரையில் அம்மா மண்டபம் படித்துறையில் தன் பெற்றோருக்குத் தர்ப்பணம் கொடுத்து முடித்ததும் அப்பா எழுந்திருக்க மாட்டார். "இன்னும் ஒருத்தர் இருக்காருங்க சாமி" என்பார். முதல் வருடம் நானும் கூட நின்றேன்.

"பேர் சொல்லுங்கோ."

"தெரியாதுங்க."

"கோத்ரம்?"

"அதுவும் தெரியாது. கப்பல்ல வேலை பார்த்தவர்."

சாஸ்திரிகள் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. "அதனால என்ன, பேர் தெரியாதவாளுக்கும் ஒரு கை ஜலம் உண்டு. எள்ளை எடுத்துக்கோங்கோ" என்றார். அடுத்த வருடத்திலிருந்து அவரே, "உங்க கப்பல்காரருக்கும் ஆச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

போன வருடம் ஒரு காலையில் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து தாள் நழுவியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தில்லை நகரில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். மூளையில் பேச்சுக்கான இடத்தில் அடைப்பு. நாம் சொல்வது ஓரளவு புரியும். அவர் சொல்ல நினைப்பது வார்த்தையாக வராது. பணிக்காலம் முழுவதும் குரலை வைத்துப் பிழைத்த மனிதருக்கு இது வந்ததே என்று எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

வார்டில் அப்பா பேசினார். பேச்சு மாதிரியேதான் இருந்தது. ஏற்றம் இறக்கம் எல்லாம் சரியாக இருந்தது. வார்த்தை மட்டும் எதுவும் இல்லை. சொல்லி முடித்துவிட்டு, அசைக்க முடிந்த இடது கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பிடித்தார். திருப்பிச் சொல் என்று கேட்கிறார். எங்களுக்குத் தெரியும். எதைத் திருப்பிச் சொல்வது?

"தண்ணி வேணுமாப்பா?" என்றேன். இல்லையென்று தலையாட்டினார். "பாத்ரூமா?" என்றான் தம்பி. இல்லை. வலிக்கிறதா, வீட்டுக்குப் போகணுமா, யாரையாவது பார்க்கணுமா, அந்தோணி அங்கிளைக் கூப்பிடட்டுமா? எதுவும் இல்லை. விரல் இறங்கவே இல்லை. மறுபடியும் அதே மாதிரி ஏதோ சொன்னார், மறுபடியும் விரல். அவர் கண்ணில் தெரிந்த கெஞ்சலை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. படித்த பிள்ளைகள் இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கமும் மரம் மாதிரி நின்றோம்.

அப்போது அம்மா எழுந்து வந்தார். நான் ஒண்ணும் கப்பல் இல்லை என்று அடுப்படிக்குள் போகிற அதே அம்மா. அப்பாவின் முகத்துக்கு அருகே குனிந்து, அவர் எழுப்பிய சத்தத்தை அப்படியே, அதே ஏற்ற இறக்கத்தோடு, அர்த்தம் ஒன்றும் தெரியாமல், திருப்பிச் சொன்னார். அப்பா உற்றுக் கேட்டார். விரல் மெல்ல இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் எப்போது விரல் எழுந்தாலும் அம்மாதான் போவார். "என்னம்மா சொல்றாரு?" என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கு மட்டும் என்ன தெரியும்? சொன்னது கேட்டுச்சுன்னு தெரிஞ்சாப் போதும் அவருக்கு" என்றார்.

இரண்டாவது அடைப்பு வந்ததும் ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். அங்கே நாங்கள் கூட இருக்க முடியாது. கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அப்பாவைக் கரையிலிருந்து நடுக்கடலுக்கு அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. யாரைக் கேட்டாலும் வெயிட் பண்ணுங்க என்றார்கள். அவர்களும் வேறென்ன சொல்வார்கள்? அவர்கள் கையிலும் ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே ஒரு சிஸ்டர் இருந்தார். முகக்கவசம் போட்டிருந்ததால் கண்கள் மட்டும்தான் தெரியும். நாங்கள் மணியை அடித்தபோதெல்லாம் அவர் கதவு வரை வந்தார். சலித்துக்கொள்ளவில்லை. "அப்படியேதாம்மா இருக்காங்க. முன்னேற்றம் இல்ல. நான் பக்கத்துலதான் இருக்கேன், பாத்துக்கறேன்" என்பார். அடுத்த முறையும் அதே பதில். அதே பதிலைச் சொல்லத்தான் திரும்பத் திரும்ப எழுந்து வந்தார். அம்மா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அவரு ஏதாச்சும் சொல்லி விரலைத் தூக்குனா, அதையே திருப்பிச் சொல்லிடும்மா. அர்த்தம்லாம் பாக்காத." அந்த சிஸ்டர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லணும். சரிங்கம்மா" என்றார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் முற்பகலில் அப்பா போய்விட்டார். கதவைத் திறந்துகொண்டு அந்த சிஸ்டர்தான் வந்தார். அம்மாவின் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்து சொன்னார். "காலையில கொஞ்ச நேரம் முழிச்சிருந்தாரும்மா. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ள ஏதோ சொன்னாரு. விரலைத் தூக்குனாரு. நீங்க சொன்ன மாதிரியே நான் திருப்பிச் சொன்னேன். இறக்கிட்டாரு." அம்மா அந்தப் பெண்ணின் தலையில் கையை வைத்தார். அப்புறம் ஆம்புலன்ஸ், சொந்தக்காரர்களுக்குப் போன், காரியங்கள் என்று இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு ஒரு மாலையில் அம்மா திடீரென்று கேட்டார். "அந்தப் பொண்ணு பேரு என்ன?" அத்தனை முறை அந்தக் கதவருகே நின்று பேசியிருக்கிறோம். சிஸ்டர் சிஸ்டர் என்றே கூப்பிட்டிருக்கிறோம். அப்பா குழாயடியில் நின்ற மாதிரி நாங்கள் இருவரும் நின்றோம். மறுநாளே தில்லை நகருக்குப் போய் விசாரித்தோம். "எந்த சிஸ்டருங்க? கண்ணை மட்டும் சொன்னா எப்படிங்க?" என்றார்கள். அதுவும் நியாயம்தான். அந்த வார்டில் இருந்தவர்களில் சிலர் வேலையை விட்டுப் போய்விட்டதாகவும் சொன்னார்கள்.

ஆக, "கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்ட உங்களுக்கு இதுதான் பதில். அப்பா சொன்னார். என்னவென்று எங்களுக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. ஆனால் அதை ஒருவர் கேட்டார். கேட்டதை அவரிடமே திருப்பிச் சொன்னார். ஹார்பர் கணக்குப்படி, அது போய்ச் சேர்ந்துவிட்டது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். வயதையும் மூட்டுவலியையும் பார்க்காமல் பஸ் பிடித்து வந்து, அந்த நாற்காலிகளில் எங்களோடு உட்கார்ந்திருந்த அந்தோணி அங்கிள். உப்பிலியபுரத்திலிருந்து வந்து காரியங்களை எடுத்து நடத்திய சித்தப்பா. அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு கொடுத்தனுப்பிய அக்கம்பக்கத்தார். தன்னால் முடிந்ததையும் முடியாததையும் மறைக்காமல் சொன்ன டாக்டர். படித்துறையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது, கேட்காமலே "கப்பல்காரருக்கும் ஒரு கை விடுங்கோ" என்று தம்பியிடம் சொன்ன சாஸ்திரிகள். இவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த நினைவு மலரை உங்களுக்குக் கொடுப்பதற்காக உறைகளில் நேற்று பெயர் எழுதிக்கொண்டிருந்தோம். எல்லாம் முடிந்த பிறகு அம்மா ஒரு பிரதியைத் தனியாக எடுத்தார். உறையில் போட்டு, மேலே ஒன்றும் எழுதாமல், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "யாருக்கும்மா?" என்று நாங்கள் கேட்கவில்லை. தம்பி மட்டும், "பேரு தெரியாம என்னம்மா பண்றது?" என்றான்.

"இருக்கட்டும். என்னைக்காச்சும் வருவா. அப்ப கேட்டு எழுதிக்கலாம்" என்றார் அம்மா.